நாற்பதாம் நம்பர் நூலில் போன ஏவுகணை

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் என் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவன் தோளில் குழாயை வைத்துச் சுடுகிறான். ஏவுகணை மேலே ஏறி, டாங்கியின் தலைக்கு நேராகப் போய், அப்படியே கீழே குத்துகிறது. அதற்குள் சுட்டவன் எழுந்து ஓடியே போய்விட்டான். "நீங்களும் இப்படித்தான் சுட்டுட்டு ஓடுனீங்களாப்பா?" என்று சின்னவள் கேட்டாள். இல்லை, எங்கள் ஏவுகணையில் நூல் மாதிரி ஒரு கம்பி இருக்கும், அது போய் இடிக்கிற வரைக்கும் நகரக்கூடாது என்றேன். "பட்டமாப்பா விட்டீங்க?" என்று பெரியவன் கேட்டான். அதற்குப் பிறகு நீங்கள் சிரித்த சிரிப்பில் நான் சொல்ல வந்தது யார் காதிலும் விழவில்லை.

அடுப்படியில் இருந்து உங்கள் அம்மா சொன்னாள்: "அந்த நூல் கதையை எழுதிக் குடுங்க. வாயால சொன்னா பாதியை முழுங்கிருவீய."

அதனால் எழுதுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் சிரிக்காமல் திருத்திப் படியுங்கள்.

முதலில் டாங்கி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு. சக்கரத்துக்கு மேல் இரும்புப் பட்டை சுற்றியிருக்கும், அதனால் சேற்றிலும் மணலிலும் போகும். முன்பக்கம்தான் தடிமன் அதிகம். பக்கவாட்டிலும் பின்னாலும் மேலேயும் கொஞ்சம் மெலிசு. உள்ளே மூன்று நான்கு பேர் வேர்த்துக்கொண்டு இருப்பார்கள். கவச வண்டி என்று இன்னொன்று உண்டு. அது ஜன்னல் இல்லாத மினி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவோம். அதில் ஒரு ஆள் மதியம் முள்ளங்கி சாம்பார் சாப்பிட்டிருந்தால், எதிரியைவிட அவர்மேல்தான் எல்லோருக்கும் கோபம் வரும்.

இப்படிப்பட்ட டாங்கியை அடிப்பதற்கு இரண்டு ஆள் போதும். மூன்று கால் வைத்த ஒரு கருவி, அதன்மேல் ஏவுகணை இருக்கிற குழாய். நான் கண்ணாடி வழியாகப் பார்த்து, அதில் இருக்கிற சிலுவைக் கோட்டை டாங்கிமேல் வைத்துச் சுடுவேன். ஏவுகணை போகும்போது தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி ஒன்று அதன் பின்னாலேயே அவிழ்ந்துகொண்டே போகும். இடதா, வலதா, ஏறு, இறங்கு என்று கருவி அந்தக் கம்பி வழியாகச் சொல்லும். என் வேலை ஒன்றே ஒன்றுதான். சிலுவையை டாங்கியைவிட்டு எடுக்காமல் பன்னிரண்டு பதிமூன்று செகண்ட் இருக்க வேண்டும். தும்மக்கூடாது. ஈ உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விடவேண்டும். டாங்கி எதிர்ப்பு என்றால் என்னமோ ஓடிப்போய் மல்லுக்கட்டுவது என்று ஊரில் நினைத்தார்கள். உண்மையில் அது அசையாமல் உட்காருகிற வேலை.

நான் ராணுவத்தில் சேர்ந்து ஆறு வருஷம் ஆனபோது லீவில் ராஜபாளையம் வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் இருக்கிறது, முதலில் நாம் இரண்டு பேர் போய்ப் பேசிவிட்டு வருவோம் என்று என் சித்தப்பா கூப்பிட்டார். அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். போட்டோ ஏற்கெனவே பார்த்திருந்தேன். அந்தப் பெண்ணைக் கட்டினால் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

அந்தப் பெண்தான் உங்கள் அம்மா. அவள் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். மில்லில் நூல் அறுந்தால் ஒட்டவைப்பதுதான் பெரிய வேலை. முப்பது வருஷமாக அறுந்த நூலைப் பார்த்துப் பார்த்து அவர் முகமே ஒரு மாதிரி சுருங்கியிருக்கும்.

கேசரி வந்தது. காப்பி வந்தது. தாத்தா ஆரம்பித்தார்.

"தம்பிக்கு ராணுவத்துல எந்த டிபார்ட்மெண்டு?"

"டாங்கி எதிர்ப்பு சார்."

"டாங்கி வந்தா இவன்தான் எதிர்ப்பான்" என்றார் சித்தப்பா, கேசரியைத் தட்டில் இருந்து வழித்துக்கொண்டே.

உங்கள் ஆச்சி பயந்துபோய், "தனியாவா போவாவ?" என்று கேட்டாள்.

"கூட ஒருத்தர் உண்டு அத்தை" என்றேன்.

"இதுவரைக்கும் எத்தனை டாங்கி அடிச்சிருக்கீய?" என்றார் தாத்தா.

"ஒண்ணு சார்."

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த நாட்டு டாங்கி?"

"நம்ம நாட்டுதுதான் சார். மரச்சட்டத்துல துணி கட்டி, மேல டாங்கி மாதிரி பெயிண்ட் அடிச்சது."

உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. யார் என்று உங்களுக்குத் தெரியும். நிஜ ஏவுகணை விலை அதிகம், அதனால் பொம்மைக் கருவியில்தான் பழகுவோம், நிஜத்தில் சுடக் கிடைத்தது ஒரே தடவைதான் என்று விளக்கினேன். "துணி கிழிஞ்சுதா?" என்று ஆச்சி அக்கறையாகக் கேட்டாள். கிழிந்தது என்றேன். "பாவம், நல்ல துணியா இருந்திருக்கும்" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் கல்யாணப் பேச்சு சுகமாகப் போயிருக்கும். நான்தான் பெருமைக்காக அந்தக் கம்பியைப் பற்றிச் சொன்னேன். நூல் மாதிரி மெலிசா இருக்கும் சார், பாலைவன மணல்ல ரெண்டு கிலோமீட்டர் தூரம், பன்னிரண்டு செகண்டில் அவிழும், அறுந்தே போகாது.

தாத்தா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நிமிசத்துக்குப் பத்தாயிரம் மீட்டர். எங்க நூல் சுத்துத வைண்டிங் மிசினு நிமிசத்துக்கு ஆயிரம் மீட்டர் ஓடும். அதுக்கே அறுந்துரும். ஏசி ரூம்புல வச்சிருக்கோம், தண்ணி புகையா அடிக்கோம், எண்ணெய் போடுதோம். அப்பவும் அறுந்துரும். நீங்க என்னடான்னா பாலைவனத்துல, மணல்ல, பத்து மடங்கு வேகத்துல அறுந்து போகாதுங்கீய."

"அறுந்து போகாது சார். நானே பாத்தேன்."

"அந்தக் கம்பிச் சுருளு எங்க இருக்கும்? உங்ககிட்டயா?"

இங்கேதான் மாட்டினேன். எனக்குத் தெரியாது. பெட்டியைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடையாது. குழாய் மூடி சீல் வைத்து வரும், மாட்டுவோம், சுடுவோம். கம்பி வருகிறது என்று தெரியும். எங்கிருந்து வருகிறது என்று ஆறு வருஷத்தில் நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. "எங்க பக்கத்துலதான் இருக்கும்னு நினைக்கேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

தாத்தா சித்தப்பாவைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீய. ஏழை எளியவனுக்குப் பொண்ணு குடுக்கலாம். பொய் சொல்லுத ஆளுக்குக் குடுக்க முடியாதுல்லா."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவர் எதையாவது செய்துகாட்டியே தீர்வார். "நூலு இருக்கா வீட்ல? எடுங்க. என் வண்டிதான் ஏவுகணை. அறுந்து போகுதா இல்லையான்னு பாத்துருவோம்."

மில்காரர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? ஆச்சி பூக்கட்டுவதற்காக வைத்திருந்த பெரிய கோன் வந்தது. கோன் என்பது கூம்பு மாதிரி இருக்கும் அட்டையில் சுற்றின நூல். "நாப்பதாம் நம்பர்" என்று தடவிப் பார்த்தே தாத்தா சொன்னார். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு என்று அர்த்தம். "இது ஒண்ணு அவிழ்ந்தா மதுரை வரைக்கும் போகும்." பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பந்தயம் வைத்தார். வீட்டு வாசலில் இருந்து ராஜபாளையம் ரோட்டில் பெட்ரோல் பங்க் வரைக்கும் சரியாக இரண்டு கிலோமீட்டர். அங்கே வரை நூல் அறுந்துவிடாமல் போனால் இந்தப் பையன் சொன்னது உண்மை, பெண்ணைத் தருவார். அறுந்தால் கேசரியோடு சரி.

"டாங்கிக்கு என்ன பண்ண?" என்றார் சித்தப்பா. எதிரில் பால்கோவா போடுகிற வீட்டின் முன்னால் ஒரு லோடு ஆட்டோ நின்றது. பாலை இறக்கிவிட்டு, காலி கேன்களோடு கிளம்பத் தயாராக இருந்தது. ராஜபாளையம் ரோட்டோரக் கிராமங்களுக்குப் போகிற வண்டி. "அதுதான் டாங்கி. அதை விடாம பிடிச்சுப் போயிருங்க" என்று நானே சொன்னேன்.

சித்தப்பா ஹெல்மெட்டை மாட்டினார். சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து என்னிடம் தந்தார். "ஏவுகணைக்கு எதுக்குடா போனு?"

நூலின் நுனியை மொபெட் கேரியரில் கட்டினோம். கோனை வாசலில் தாத்தா இரண்டு கையாலும் பிடித்து நின்றார். பால் ஆட்டோ கிளம்பியது. சித்தப்பா கிளம்பினார். நூல் விர்ரென்று அவிழ்ந்தது. தெரு நீளத்துக்கு நன்றாகத்தான் போயிற்று. தெருமுனையில் வண்டி திரும்பியதும், நூல் மூலைவீட்டுச் சுவரில் உரசி, பட்டென்று விட்டது. மிச்ச நூல் காற்றில் ஆடித் தெருவில் விழுந்தது. அங்கே நின்ற ஆடு ஒன்று அதைத் தின்ன ஆரம்பித்தது.

"பாத்தீயளா" என்றார் தாத்தா. அவர் குரலில் சந்தோஷம்கூட இல்லை. முப்பது வருஷமாகப் பார்க்கிற அதே காட்சி.

சித்தப்பா திரும்பி வந்து ஆட்டைத் திட்டினார். நான் செருப்பைத் தேடினேன். அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்து உங்கள் அம்மா பேசினாள்.

"யப்பா, நீங்க கோனைக் கையில பிடிச்சிருந்தா அம்புட்டு நூலையும் தரையில இழுத்துக்கிட்டுல்லா போகணும்? அறுந்து போகாம என்ன செய்யும்? கோனை வண்டியில வைங்க. நுனியை நீங்க பிடிங்க. வண்டி போகப் போக நூலு சும்மா கீழ படுத்துக்கிடும். யாரும் அதை இழுக்கவே மாட்டாவ."

சித்தப்பா ஆட்டைத் திட்டுவதை நிறுத்தினார். ஆடுகூட மெல்லுவதை நிறுத்தியது என்று நான் சொன்னால் அம்மா அடிப்பாள், ஆனால் நிறுத்தியது. பிள்ளைகளே, அதுதான் சரி. சுருள் ஏவுகணைக்குள்ளேயே இருக்கிறது. முகாமுக்குத் திரும்பிய பிறகு எங்கள் ஹவில்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ராணுவத்தில் இருந்த எனக்குத் தெரியாதது, தையல் மிஷின் மிதிக்கிற உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

தாத்தாவுக்கு இப்போது ஆர்வம் வந்துவிட்டது. என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. மொபெட் கேரியரில் கோனைப் படுக்கவைத்துத் தன் துண்டால் கட்டினார். "கோனோட மூக்கு பின்னாடி பாக்கணும்லே!" என்று என்னை 'லே' போட்டே அதட்டினார். நுனியை அவரே விரலில் சுற்றிக்கொண்டார். பால் ஆட்டோ டிரைவர் முனையில் டீ குடித்துவிட்டு மறுபடி கிளம்ப, சித்தப்பாவும் கிளம்பினார்.

நூல் சத்தமே போடவில்லை. மொபெட்டின் பின்னால் மெதுவாக வந்து தெருவில் படுத்தது. முனை திரும்பிற்று. தாத்தாவின் விரலில் ஓர் இழுப்பும் இல்லை. "அறுந்துட்டோ?" என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அறுந்ததா இல்லையா என்று வாசலில் நின்றால் தெரியாது. நூலைத் தொடர்ந்து நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். நுனியை ஆச்சியிடம் கொடுத்து, அவளை ஆட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, தாத்தாவும் நானும் கிளம்பினோம்.

நல்ல வெயில். நான் முன்னால் குனிந்து நூலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், தாத்தா பின்னால் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். எதிரே வந்தவர்கள், "என்ன சார், காசைத் தொலைச்சிட்டீயளா?" என்று கேட்டார்கள். "இல்ல, மாப்பிள்ளை பாக்கேன்" என்றார் தாத்தா. பெட்டிக்கடை வாசலைத் தாண்டி, ஒரு பள்ளத்தைத் தாண்டி, கரும்புச்சாறு வண்டியின் சக்கரத்தடியில் புகுந்து நூல் போய்க்கொண்டே இருந்தது. துணி டாங்கியைச் சுட்டபோதுகூட நான் அப்படிக் கண் எடுக்காமல் பார்க்கவில்லை.

பெட்ரோல் பங்க் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மெயின் ரோட்டோரப் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், நான் அதைப் பார்த்துவிட்டேன். நூலில் ஒரு சின்ன முடிச்சு. மிளகில் பாதிகூட இருக்காது. நூல் அங்கே அறுந்திருக்கிறது, யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

தாத்தா பத்தடி பின்னால் இருந்தார். முடிச்சுமேல் செருப்புக் காலை வைத்து நின்று, "அங்க பாருங்க சார், பங்க் வந்துட்டு" என்று கையைக் காட்டினால் போதும். காலை வைத்தும்விட்டேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், வைத்தேன். தாத்தா பக்கத்தில் வந்து, "என்ன நின்னுட்டீய?" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் கால் தானாகவே நகர்ந்துவிட்டது.

"இங்க அறுந்திருக்கு சார். யாரோ முடி போட்டிருக்காவ."

தாத்தா ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். முடிச்சை விரலில் எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிடித்தது.

"மில்லு முடி" என்றார். "எவளோ தெரிஞ்சவ போட்டது."

பஸ் ஸ்டாப்பில் ஐந்தாறு பெண்கள் சாப்பாட்டுப் பையோடு மில் வேனுக்குக் காத்திருந்தார்கள். அதில் ஒரு அக்கா தாத்தாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "சார், நான்தான் சார். பஸ்ஸு ஏறி அறுந்து ரெண்டு நுனியும் தனித்தனியா கிடந்துச்சு."

"கிடந்தா? யாரு நூலு, எதுக்குக் கிடக்குன்னு கேக்க மாட்டியா? ரோட்டுல கிடக்குத நூலை எதுக்குட்டி ஒட்டுன?"

"கை சும்மா இருக்க மாட்டேங்கு சார். அறுந்ததைப் பாத்தா ஒட்டிட்டுத்தான் அடுத்த வேலைன்னு நீங்கதான சொல்லுவீய."

மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தாத்தா எழுந்து நின்று என்னைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், பங்க் இருக்கிற திசையைப் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன். ஒரு ஈ என் மூக்கில் உட்கார்ந்தது. நான் ஓட்டவில்லை.

"எங்க செக்‌ஷன்ல" என்று தாத்தா அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை, "ஒட்டுன இழை ஓடுற இழைதான். கணக்குல அறுந்ததா எழுத மாட்டோம்." பிறகு அந்த அக்காவிடம், "முடியில வால் கொஞ்சம் நீளமா விட்டுட்ட. பாத்துக்க" என்றார்.

பங்க் வரைக்கும் போனோம். நூல் அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தாத்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்து, நல்ல நூலை வீணாக்கக் கூடாது என்று ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டே திரும்பி நடந்தார். வழியில் என் லீவு எப்போது முடிகிறது, எத்தனை பேரைக் கூப்பிட வேண்டும், ராணுவத்தில் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்றெல்லாம் கேட்டார். காலை எடுத்தேனே, அதைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா நடுவீட்டில் உட்கார்ந்து, "எனக்குச் சம்மதம்" என்றார். "ஆனா அவகிட்டக் கேக்கணும். கண்ணு, இவியளைக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா? வாயைத் தொறந்து சொல்லு."

தாத்தா குச்சியில் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஆச்சி என்னைப் பார்த்தாள். நான் கேசரித் தட்டைப் பார்த்தேன்.

"அது கெடக்கட்டும்ப்பா" என்று உங்கள் அம்மா உள்ளே இருந்து சொன்னாள். "முதல்ல யாராவது போய்ச் சின்ன மாமாவை நிப்பாட்டுங்க. அவிய பாட்டுக்குப் பால் வண்டி பின்னாடி போய்க்கிட்டே இருக்காவ."

தாத்தா சுற்றுவதை நிறுத்தினார். அந்த வீட்டில் யாருக்கும் ஒரு சின்ன மாமா கிடையாது. என் சித்தப்பாவை அப்படிக் கூப்பிடுகிற உரிமை எங்கள் வீட்டு மருமகளுக்கு மட்டும்தான் உண்டு.

என் சட்டைப் பையில் இருந்த சித்தப்பாவின் போனைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு செருப்புகூடப் போடாமல், ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினேன்.